கருப்பட்டிக் காபிக்கு மாறினால் மட்டும் போதுமா, அண்ணாச்சி?

கோவில்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"வயது 51. உயரம் 165 செ.மீ., எடை 79 கிலோ. போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெறும் வயிற்றில் சர்க்கரை 112, எச்பிஏ1சி 6.1, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 236. பிரஷர் 138/88. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், வாயைக் கட்டுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரிசல்ட் வந்த அன்றே வெள்ளைச் சீனியை விட்டுவிட்டேன். இப்போது எல்லாமே கருப்பட்டிக் காபிதான், நாளைக்கு ஆறு கிளாஸ், எதிர் டீக்கடையில். கடைசி கிளாஸ் ராத்திரி எட்டு மணிக்கு. நாலு மணிக்கு ரெண்டு வடை, இல்லையென்றால் பஜ்ஜி. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சாத்தூர் சேவும் ஊர்க் கடலைமிட்டாயும் எப்போதும் இருக்கும். பிஸ்கட் மட்டும் சுகர் ஃப்ரீ, ஓட்ஸ் போட்டது. ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா நாலு. சனிக்கிழமை நண்பர்களோடு ஒரு குவாட்டர் பிராந்தி, அளவாகச் சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லதாமே? மகன் தினம் ஒரு வீடியோ அனுப்புகிறான். ஒன்றில் காபி ஈரலுக்கு மருந்து, அடுத்ததில் எலும்பை அரிக்கும் விஷம். பரோட்டாவில் சர்க்கரை நோயை வரவழைக்கும் கெமிக்கல் இருக்கிறதாம். என் மனைவிக்கு ஹீமோகுளோபின் 9.4, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதால்தான் என்கிறான். எல்லாவற்றையும் விடச் சொன்னால் மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிடுவேன். எதை விடணும், எதை வைத்துக்கொள்ளலாம்? நேரடியாகச் சொல்லுங்கள்."

சரி அண்ணாச்சி, நேரடியாகவே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, டயட்டீசியன், அதனால் மாத்திரை பற்றி உங்கள் டாக்டர் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சாப்பாட்டை நாம் பேசுவோம்.

முதலில் உங்கள் எண்கள். எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், 6.5 ஆனால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை என்பதும் அதே கட்டம்தான். ஆக, வாசல்படியில் நிற்கிறீர்கள். துணைக்கு ஆள் நிறைய: 2023இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' (INDIAB) ஆய்வு, நாட்டில் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் 13.6 கோடி பேர், உள்ளேயே போய்விட்டவர்கள் 10.1 கோடி பேர் என்று கணக்கிட்டது. படியிலிருந்து இறங்க முடியுமா என்றால், நம் ஊர்க்காரர்களை வைத்தே பார்த்திருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் சென்னையில் உங்களைப் போல எல்லையில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு வரை தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது, மெட்பார்மின் மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 26.4. மாத்திரை செய்கிற வேலையை வாயும் காலும் சேர்ந்து செய்துவிடுகிறது, அவ்வளவு சொன்னால் போதும் உங்களுக்கு.

எடையைப் பொறுத்தவரை, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உங்கள் பிஎம்ஐ 29. வெள்ளைக்காரர்களுக்கு 30க்கு மேல்தான் உடல் பருமன், நமக்கு 25லேயே. நாம் ஒல்லியாகத் தெரியும்போதே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் ஆட்கள். இடுப்பளவை நீங்கள் எழுதவில்லை. உங்கள் கடையில் டேப்புக்குப் பஞ்சமா, தொப்புள் மட்டத்தில் வைத்து அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

இப்போது கருப்பட்டிக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பக் கவலை தந்தது அதுதான். பரோட்டாவையும் பிராந்தியையும் பார்த்துக் கவலைப்படாமல் கருப்பட்டியைப் பார்த்தா என்று கேட்பீர்கள். பரோட்டா சாப்பிடும்போது 'தப்புச் செய்கிறோம்' என்ற உறுத்தல் உங்களுக்கு இருக்கிறது, அதனால் வாரத்துக்கு ஒரு நாளோடு நிற்கிறது. கருப்பட்டியில் அந்த உறுத்தல் போய்விட்டது. கடையில் பெரிய பில் எல்லாம் நோட்டில் ஏறிவிடும், சில்லறையாகப் போவதுதான் மாதக் கடைசியில் எங்கே போனதென்றே தெரியாது, உங்களுக்குத் தெரியாததா. உங்கள் சாப்பாட்டில் அந்தச் சில்லறை, இந்த ஆறு கிளாஸ்.

கணக்குப் போடுவோம். டீக்கடை கிளாஸில் இரண்டு ஸ்பூன் இனிப்பு என்று வைத்துக்கொண்டால் 10 கிராம். ஆறு கிளாஸுக்கு 60 கிராம். மாதத்துக்கு 1.8 கிலோ. உங்கள் வீட்டு மளிகை லிஸ்டில் இது வரவே வராது, எதிர்க் கடையில் தம்ளர் தம்ளராக வாங்கிவிடுகிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையை நாளைக்கு 50 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது, முடிந்தால் 25க்குள். காபியிலேயே 60 முடிந்துவிட்டது. கடலைமிட்டாய் அதற்கு மேல்.

'அது வெள்ளைச் சீனிக்குத்தானே, கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது, பொட்டாசியமும் இருக்கிறது. ஆனால் கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கும் அதே பொருள். பதநீரைக் காய்ச்சி எடுத்தாலும் கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுத்தாலும் உங்கள் குடலுக்கு வந்து சேரும்போது இரண்டும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். பனை மரம் நம்முடையது என்பதற்காகக் கணையம் சலுகை காட்டாது. அந்தத் தாது உப்புகள் உடம்புக்கு உருப்படியாகச் சேரும் அளவுக்குக் கருப்பட்டி தின்றால், அதற்குள் சர்க்கரை எங்கேயோ போயிருக்கும். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இன்னொன்று, டீக்கடைக்கு வரும் கருப்பட்டியெல்லாம் உடன்குடிச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சீனிப்பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது என்பது ஊருக்கே தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. டீக்கடையில் சீனிக் காபி என்றால் மாஸ்டரிடம் "அண்ணே, அரைச் சீனி" என்று சொல்லலாம், "சீனி போடாம" என்றும் சொல்லலாம். கருப்பட்டிக் காபியில் அந்த வசதி பல கடைகளில் கிடையாது. கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தே இறக்கிவிடுகிறார்கள், இனிப்பு உங்கள் கையில் இல்லை. அதனால் என் முதல் ஆலோசனை, கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்: பழைய சீனிக் காபிக்கே திரும்புங்கள், ஆனால் முதல் வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த வாரம் ஒன்று, அதற்கடுத்து அரை என்று இறக்குங்கள். ஒரேயடியாகச் சீனி இல்லாமல் குடித்தால் கஷாயம் மாதிரி இருக்கும், ரெண்டு நாளில் வெறுத்துவிடும். மெதுவாக இறக்கினால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். நானே இரண்டில் இருந்து அரைக்கு வந்தவள். இப்போது கல்யாண வீட்டுக் காபியைக் குடித்தால் பாயசம் குடித்த மாதிரி இருக்கிறது. சுகர் ஃப்ரீ மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: எடையைக் குறைக்க அந்த வகை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எப்போதாவது ஒன்று போட்டால் தலை போகாது, ஆனால் நாக்கு அந்தத் தித்திப்பிலேயே நின்றுவிடும், நாம் இறக்கப் பார்ப்பதே அதைத்தானே.

காபி மருந்தா விஷமா? உங்கள் மகன் அனுப்பிய இரண்டு வீடியோவிலும் அரை உண்மை இருக்கும். காபி குடிப்பவர்களிடம் ஈரல் சுருக்கமும் ஈரல் புற்றுநோயும், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் குறைவாக இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இது காபி குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் பல வருஷம் கவனித்து எடுத்த கணக்கு, அதனால் காபிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதிலும் அந்த நாடுகளில் பல பேர் குடிப்பது சீனியில்லாத கறுப்புக் காபி, நம்மைப் போலப் பாகு இல்லை. எலும்பு விஷயத்தில், காபி சிறுநீர் வழியாகக் கொஞ்சம் கால்சியத்தை வெளியேற்றுவது உண்மைதான், ஆனால் அது சின்ன அளவு, காபியில் ஊற்றும் பாலே அதை ஈடுகட்டிவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் காஃபீன் நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பயமில்லை, கர்ப்பிணிகளுக்கு 200க்குள். நல்ல திக்கான ஒரு கப் காபியில் 80, 100 மில்லிகிராம் இருக்கும், டீயில் அதில் பாதி. சிக்கரியில் காஃபீனே கிடையாது. காபி - சிக்கரிக் கலவை என்று விற்கும் தூளில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம், மீதி 49 வரை சிக்கரியாக இருக்கலாம், பாக்கெட்டைத் திருப்பினால் எழுதியிருக்கும்.

உங்களுக்குக் காபியில் நான் கை வைப்பது எண்ணிக்கையிலும் நேரத்திலும். ராத்திரி எட்டு மணிக் கிளாஸை விட்டுவிடுங்கள். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குக் குடித்தால் ராத்திரி ஒரு மணிக்கும் பாதி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது என்பவர்களுக்கும் ஆழ்ந்த தூக்கம் குறையும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. மூன்று போதும். கொதிக்கக் கொதிக்கத் தொண்டையில் இறக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் எதுவானாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்புண்டு என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் வகைப்படுத்தியது. அதே அறிக்கையில்தான் காபியைச் சந்தேகப் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். குற்றம் சூட்டில்தான், காபியில் இல்லை. நம் ஊர் மாஸ்டர்கள் ஆற்றிக் கொடுப்பதில் ஒரு அர்த்தம் இருக்கிறது.

மதினி விஷயத்தில் உங்கள் மகன் சொல்வது சரி. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரை, பருப்பு, தானியத்தில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு ஒரு கப் டீ குடித்தால் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல்கூட வீணாகலாம். காபியும் அப்படித்தான், கொஞ்சம் குறைவு. முருங்கைக்கீரை வதக்கிப் போட்டுவிட்டு அதன் மேல் ஒரு டீ ஊற்றினால் எப்படி ஏறும் ரத்தம்? சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடட்டும், முன்னாலும் பின்னாலும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதை டீயோடோ பாலோடோ விழுங்கக் கூடாது, எலுமிச்சைச் சாறோ ஒரு கொய்யாத் துண்டோ சேர்த்துக்கொள்ளட்டும். அசைவம் சாப்பிடுவார் என்றால் வாரம் ஒருமுறை ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்). ஆனால் டீயை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், பெண்களுக்கு 12 இருக்க வேண்டியது 9.4 என்றால் மாதவிடாயில் அதிகம் போகிறதா, மூல நோய் இருக்கிறதா, குடற்புழு இருக்கிறதா என்று ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். 2019 - 21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அத்தனை பேருக்கு இருப்பதாலேயே யாரும் அதை நோயாக நினைப்பதில்லை. உங்கள் 6.1ஐவிட எனக்கு அவருடைய 9.4தான் அவசரமாகத் தெரிகிறது. நீங்கள் மூன்று பக்கம் உங்களைப் பற்றி எழுதிவிட்டு அவரை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலு மணி வடை. வடை என்றதும் திட்டுவேன் என்று நினைத்திருப்பீர்கள். உளுந்தும் கடலைப்பருப்பும் நல்ல புரதம், நூறு கிராம் பருப்பில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, பஜ்ஜியைவிட வடை எவ்வளவோ மேல். பஜ்ஜியில் வாழைக்காய் சும்மா பெயருக்கு, மாவும் சோடாவும் எண்ணெயும்தான் அங்கே சாப்பாடு. பிரச்சினை பருப்பில் இல்லை, சட்டியில் இருக்கிறது. ஒரு வடை குறைந்தது ஒரு ஸ்பூன் எண்ணெயைக் குடித்திருக்கும், உங்களைப் போல உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு நாள் முழுவதற்குமே ஐந்து ஸ்பூன் எண்ணெய்தான் கணக்கு. அதைவிட முக்கியம் அது எத்தனையாவது நாள் எண்ணெய் என்பது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து துருவச் சேர்மங்கள் என்று சொல்லும் கழிவுகள் சேர்ந்துகொண்டே போகும், 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018இல் இருந்து சட்டம் இருக்கிறது. டீக்கடையில் யார் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள்? நீங்கள் கண்ணால் பாருங்கள். எண்ணெய் கறுத்து, கொழகொழவென்று இருந்தால், மாவு போட்டதும் எழும் நுரை அடங்காமல் விளிம்பு வரை நின்றால், அடுப்பைக் கூட்டாமலே புகைந்தால், அன்றைக்கு வடை வேண்டாம். எதிர்க் கடைதானே, கல்லாவில் உட்கார்ந்தபடியே தெரியும், மாஸ்டர் மீதி எண்ணெயின் மேலேயே புது எண்ணெயை ஊற்றுகிறாரா இல்லையா என்று. அப்புறம், வடையைச் செய்தித்தாளில் வைத்துப் பிழியாதீர்கள். எண்ணெய் போகும், மை உள்ளே வரும். வாரத்துக்கு மூன்று நாள் ஒரு வடை, மற்ற நாள் சுண்டலோ அவித்த நிலக்கடலையோ. இரண்டு வடையை ஒன்றாக்குங்கள் என்பதை மட்டும் கேட்டாலே போதும் எனக்கு.

சேவு உங்களுக்குப் பகை என்றால் அது பிரஷருக்கு. நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் குறைவு, அதுதான் அளவு. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என்று சாப்பாட்டிலேயே அது முடிந்துவிடும், அதற்கு மேல் கைப்பிடி கைப்பிடியாகச் சேவு. கஸ்டமர் ஆணி எண்ணிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எத்தனை பிடி சேவு போட்டீர்கள் என்று எண்ணியதுண்டா? பொட்டலத்தைக் கல்லாவில் இருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேண்டுமென்றால் வீட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடலைமிட்டாயை நான் விடச் சொல்ல மாட்டேன், கோவில்பட்டிக்காரரிடம் அதைச் சொன்னால் பாவம் பிடிக்கும். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கடலையில் கால் பங்கு புரதம், அதிலிருக்கும் கொழுப்பிலும் பெரும்பகுதி இதயத்துக்கு ஒத்துக்கொள்ளும் வகை. ஆனால் அதை ஒட்டிவைத்திருப்பது வெல்லப்பாகு, அதனால் அதை இனிப்பாகவே கணக்கு வையுங்கள், 'புரதம்தானே' என்று நாலு தின்னாதீர்கள். ஒன்று, மதியச் சாப்பாட்டை ஒட்டி. கடலை கசந்தாலோ சிக்கு வாடை அடித்தாலோ துப்பிவிடுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் வரும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும்.

பிஸ்கட்டை இன்றே நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. சுகர் ஃப்ரீ, ஓட்ஸ், டைஜஸ்டிவ், எந்தப் பெயர் போட்டாலும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். மைதாவோ கோதுமை மாவோ முதலில் இருக்கும், அடுத்து பாமாயில், ஓட்ஸ் எங்கேயோ கடைசியில் சாட்சிக்கு நிற்கும். இதுவும் கருப்பட்டி மாதிரிதான், உடம்புக்கு நல்லது என்ற நினைப்பில் எண்ணாமல் தின்கிறோம். கடைகளில் 'ஹெல்த் டிரிங்க்' என்று விற்ற பவுடர்களை அந்தத் தலைப்பில் காட்டக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிகத் துறை இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது, அவ்வளவு காலம் நாம் நம்பித்தான் பிள்ளைகளுக்குக் கலக்கிக் கொடுத்தோம்.

பரோட்டாவில் இருப்பதாகச் சொல்லும் அந்தக் கெமிக்கலின் பெயர் அலோக்ஸான். பத்து வருஷத்துக்கு மேலாக வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய சரக்கு இது. ஆய்வகத்தில் எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்க அதை ஊசியில் ஏற்றுவது உண்மை. மாவை வெளுக்கும்போது அது துளி உண்டாகலாம் என்பதும் சரி. ஆனால் ஊசியில் ஏற்றும் அளவுக்கும் மாவில் இருக்கக்கூடிய துளிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், போதாததற்கு எலியின் கணையம் அதற்கு மடங்கிவிடுகிற மாதிரி மனிதக் கணையம் மடங்குவதில்லை. பரோட்டாவைக் கெட்டதாக்க எலி தேவையே இல்லை அண்ணாச்சி, அதுவே போதும்: நார்ச்சத்து நீங்கிய மாவு சட்டென்று சர்க்கரையாக மாறும், அதைப் பிசையும்போது எண்ணெய், வீசும்போது எண்ணெய், உங்கள் விருதுநகர் வகைக்கு எண்ணெயிலேயே முங்கிக் குளிக்கவும் வேண்டும், அதன் மேல் சால்னா. நாலு பரோட்டா, பத்தரை மணிக்கு, சாப்பிட்டுப் படுக்கை. இதில் நான் மாற்றச் சொல்வது இவை. நாலு இரண்டாகட்டும். ஏழரை மணிக்குச் சாப்பிடுங்கள். இரண்டைக் குறைத்த இடத்தில் முட்டையோ கோழியோ, கை நிறைய வெங்காயமோ வரட்டும். சாப்பிட்டதும் பதினைந்து நிமிஷம் நடங்கள், சாப்பிட்டவுடன் நடக்கும் நடை சர்க்கரை ஏறுவதை நன்றாகவே மட்டுப்படுத்தும். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன். கடையில் டால்டா போடுகிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். டால்டாவில் வரும் டிரான்ஸ் கொழுப்பு எண்ணெயில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022இல் இருந்து விதி வந்த பிறகு முன்னைக்கு இப்போது தேவலை, ஆனாலும் பேக்கரி பப்ஸ் பக்கமும் டால்டா பக்கமும் போகாமல் இருப்பது உங்கள் டிரைகிளிசரைடுக்கு நல்லது.

பிராந்திக்கு வருகிறேன். இங்கே மட்டும் 'கொஞ்சமாக' என்று என்னால் சொல்ல முடியாது. குவாட்டர் என்பது 180 மில்லி, 42.8 சதவீதச் சரக்கில் சுத்தமான ஆல்கஹால் மட்டுமே அறுபது கிராம், அதிலேயே நானூறு கலோரிக்கு மேல் வந்துவிடும், தொட்டுக்கொள்வது தனி. டிரைகிளிசரைடு 236 என்று வந்திருப்பவர் முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான், ஏனென்றால் ஈரல் ஆல்கஹாலைச் சமாளிக்கும்போது கொழுப்பைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? அளவாகக் குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்ட பழைய ஆய்வுகளில் இருந்து. அந்தக் 'குடிக்காதவர்கள்' கூட்டத்தில், ஏற்கெனவே உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களும் சேர்ந்து இருந்தார்கள். நோயாளியோடு ஒப்பிட்டால் குடிப்பவர் திடமாகத்தான் தெரிவார். ஆல்கஹாலைப் புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று 1988லேயே வகைப்படுத்திவிட்டார்கள், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொன்னது. நண்பர்களோடு உட்காருவதை விட வேண்டாம், கிளாஸில் இருப்பதை மாற்றுங்கள். அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், கேலி செய்வார்கள். ஆறு வாரம் நிறுத்திவிட்டு டிரைகிளிசரைடை மறுபடி எடுத்துப் பாருங்கள், அந்தத் தாளை அவர்களிடம் காட்டுங்கள். ஒருவேளை தினமும் குடித்துவிட்டு எனக்கு வாரம் ஒன்று என்று எழுதியிருந்தால் (எழுதுவார்கள், இருபது வருஷமாகப் பார்க்கிறேன்) திடீரென்று நிறுத்தாமல் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது: அல்வா. நான் திருநெல்வேலிக்காரி, அல்வா விஷயத்தில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். ஊருக்கு வந்தால் ஐம்பது கிராம் சூடாக வாழை இலையில் வாங்கி, நின்று, ரசித்துச் சாப்பிடுங்கள். அரைக் கிலோ பார்சல் வேண்டாம், அது வீட்டு ஃபிரிட்ஜில் உட்கார்ந்து ஒரு வாரம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே ஆரம்பிக்க வேண்டாம், மூன்றாம் நாள் ஆபத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வாரம் ராத்திரிக் காபி, பிஸ்கட், சனிக்கிழமைக் குவாட்டர் மூன்றும் போகட்டும், காபியில் சீனி இறங்க ஆரம்பிக்கட்டும். அப்புறம் சேவுப் பொட்டலம், வடை, பரோட்டா எண்ணிக்கை. எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும், அதனால் அதற்கு முன்னால் எடுத்துக் காசை வீணாக்காதீர்கள், மூன்று மாதம் கழித்து எடுங்கள். அதே நாளில் மதினிக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள் என்று எழுதத்தான் வந்தேன், வேண்டாம், அவருக்கு மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.